மீனாட்சி காதில் ஹெட்போன்: வாசகர் கேள்விகள், ஓவியர் பதில்கள்

சாமி உருவங்களோடு சினிமா, விளம்பரம், கார்ட்டூன், செல்போன் என்று இன்றைக்குத் தெருவில் கண்ணில் படுவதையெல்லாம் ஒரே படத்தில் சேர்த்து வரைகிற ஓவியங்கள் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். மதுரைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு, இந்த ஊரிலேயே இருந்து வரைகிற ஓவியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மதுரையில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு படத்தில் மீனாட்சி அம்மன் காதில் பெரிய ஹெட்போன். கையில் இருக்க வேண்டிய கிளி அந்த ஹெட்போன் பட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. தலைக்குப் பின்னால் குளிர்பானப் பாட்டில் மூடி மாதிரி ஒரு சிவப்பு வட்டம். கும்பிடுவதா, கோபப்படுவதா என்றே தெரியவில்லை. இதெல்லாம் கலையா ஐயா?
– வாசகர், வில்லாபுரம்

இரண்டும் வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள் என்றுதான் சொல்வேன். கிளி எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது என்பது வரைக்கும் உங்கள் மனதில் தங்கியிருக்கிறதே, அப்படியானால் அந்தப் படம் உங்களை ஏதோ செய்திருக்கிறது.

இந்த மாதிரிப் படங்களைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். வரைந்தவருக்கு அந்தச் சாமியைத் தெரியுமா? மதுரை மீனாட்சிக்கு இரண்டு கை. வலது கையில் பூச்செண்டு, அதில் கிளி. இடது கை அப்படியே கீழே தொங்கும். நிறம் பச்சை, மரகதப் பச்சை. இதெல்லாம் தெரியாமல் பொதுவாக ஒரு அம்மனை வரைந்து காதில் எதையாவது மாட்டிவிட்டால் அது வெறும் விளையாட்டு, ஒரு தடவை பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். நீங்கள் பார்த்த படம் அப்படி இல்லை என்று தோன்றுகிறது. ஏனென்றால் கிளியை விட்டுவிடாமல் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். நம் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு, அங்கே கிளிகளை வளர்த்து மீனாட்சி பேரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். அம்மன் காதில் சொல்கிற வேலை கிளியுடையது. மீனாட்சி என்றால் எல்லோரும் கண்ணைத்தான் பாடுவார்கள், இவர் காதைப் பார்த்திருக்கிறார். இத்தனை சத்தத்துக்கு நடுவில், மாசி வீதி ஹாரனுக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில், நாம் கேட்பது அவள் காதில் விழுகிறதா, அல்லது அவளும் காதை மூடிக்கொண்டாளா என்று அந்தப் படம் கேட்கிற மாதிரி எனக்குப் படுகிறது. இந்தக் கேள்வியைப் பக்தர்கள் ரொம்ப காலமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அந்தச் சிவப்பு மூடியில் மட்டும் எனக்குச் சந்தேகம். தலைக்குப் பின்னால் திருவாசி இருக்க வேண்டிய இடம் அது. அங்கே மூடியை வைத்தால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்பது மட்டுமே காரணம் என்றால் போதாது. நல்ல படத்தில்கூட ஒரு மூலையில் இப்படி சோம்பேறித்தனம் எட்டிப்பார்க்கும்.

கோபம் வந்ததைத் தப்பு என்று சொல்லமாட்டேன். காலையில் எழுந்ததும் தாயே என்று கூப்பிடுகிற முகம் அது. ஆனால் அந்த முகத்தை நமக்கு வரைந்து கொடுத்தவர்கள் யார், எதையெல்லாம் பார்த்து வரைந்தார்கள் என்று தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் வேறு மாதிரி ஆகும். அடுத்த கேள்வியே அதைப் பற்றித்தான் வந்திருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பூஜை அறையில் என் மாமனார் காலத்துச் சாமி படங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு இருக்கின்றன. ஓவியக் கல்லூரியில் படிக்கிற என் மகன் 'இதெல்லாம் வெறும் காலண்டர் படம், ஆர்ட் கிடையாது' என்கிறான். உண்மையா?
– இல்லத்தரசி, விருதுநகர்

மகனைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் கீழே இறக்கச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து, கீழ் மூலையில் இருக்கிற கையெழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. சி. கொண்டையராஜு என்றோ அவருடைய சீடர்களில் ஒருவர் பெயரோ இருந்தால் உங்கள் வீட்டில் இருப்பது லேசுப்பட்ட படம் இல்லை.

கொண்டையராஜு 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அப்புறம் நாடகக் கம்பெனியில் சேர்ந்து சீன் வரைந்தார். நாடகத்துக்குப் பின்னால் தொங்குமே, அரண்மனை, நந்தவனம், காடு, அருவி, அந்தத் திரைகள். 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தவர் அங்கேயே தங்கி, சுற்றிலும் ஒரு சீடர் கூட்டத்தை உருவாக்கினார். பக்கத்தில் சிவகாசி. அந்த ஊருக்கு 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் போய்க் கற்றுக்கொண்டு வந்த தீப்பெட்டித் தொழில் வந்தது, தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத் தொழில் வளர்ந்தது, அச்சு மிஷின் வந்தபிறகு அதற்குத் தீனி போட காலண்டர் வந்தது. காலண்டருக்குப் படம் வேண்டுமே, அந்தப் படம் கோவில்பட்டியிலிருந்து போனது. இப்போதும் ஆடிப்பெருக்கு அன்றுதான் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களைச் சிவகாசியில் பூஜை போட்டு வெளியிடுகிறார்கள்.

இப்போது அவருடைய மீனாட்சி கல்யாணம் படத்தைப் பாருங்கள். நம் கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் இருக்கிற அதே மூன்று பேர்தான், தாரை வார்க்கிற பெருமாள், கை பிடிக்கிற சொக்கர், நடுவில் வெட்கத்தோடு மீனாட்சி. கல்லில் இருந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. ஆனால் முகத்தில் விழுகிற வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். கர்ப்பக்கிரகத்து விளக்கு அப்படி விழாது. நாடக மேடையில், முன்னால் நின்று பார்க்கிறவனுக்காகப் போட்ட வெளிச்சம் அது. கோவில்பட்டிப் படங்கள் பலவற்றில் சாமிக்குப் பின்னால் இருக்கிற மலையும் தடாகமும்கூட நாடகத் திரையில் இருந்து இறங்கி வந்தவைதான். அன்றைக்கு ஊர் ஊராகக் கூட்டம் கூடிப் பார்த்த பொழுதுபோக்கு நாடகம். அதன் வெளிச்சத்தையும் அலங்காரத்தையும் சாமிக்குக் கொடுத்தார்கள், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, சட்டம் போட்டு மாட்டிப் பொட்டு வைத்தார்கள்.

அதற்கும் முன்னால் போனால் ரவிவர்மா. புடவை கட்டித் தாமரையில் நிற்கிற லட்சுமி, வீணையோடு பாறையில் உட்கார்ந்த சரஸ்வதி, இன்றைக்கும் கண்ணை மூடினால் நமக்கு வருகிற உருவங்கள் அவர் கொடுத்தவை. அந்தக் கதையில் மதுரைக்கும் பங்கு உண்டு. திருவிதாங்கூர் அரண்மனையில் ஓவியராக இருந்த மதுரைக்காரர் ராமசாமி நாயக்கர், சிறுவன் ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் நுணுக்கத்தைச் சொல்லிக்கொடுக்க விரும்பவில்லை என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1894-ல் பம்பாய் காட்கோபரில் அவர் அச்சகம் தொடங்கினார். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் பூஜை அறைக்கு மட்டும் போகவில்லை, தீப்பெட்டி லேபிளுக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் போனார்கள். செட்டிநாட்டு வீடுகளில் அதே அச்சுப் படத்துக்கு மேல் ஜரிகைத் துணியும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை கட்டிவிட்டார்கள். எது பூஜைப் படம், எது வியாபாரப் படம், எது கைவேலை என்று கோடு கிழிக்கவே முடியாது.

அதனால் உங்கள் மகன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஒரு விஷயத்தில் மட்டும் அவனோடு பேசத் தயார். ரவிவர்மாவிலிருந்து சிவகாசி வரைக்கும் வந்த இந்த வரிசையில் சாமிகளெல்லாம் வெளுத்துக்கொண்டே போனார்கள். கருப்பு என்றே பாட்டில் வருகிற கண்ணன்கூட இளநீலம் ஆனான். சென்னையில் சில வருஷங்களுக்கு முன் 'டார்க் இஸ் டிவைன்' என்று ஒரு புகைப்பட வரிசை செய்தார்கள், லட்சுமி, சரஸ்வதி, முருகன் எல்லோரையும் நம் ஊர்க் கருப்பு நிறத்தில் உட்கார வைத்து, அதே காலண்டர் அலங்காரத்தோடு. காலண்டர் படத்தை வெறுக்காமல் அதன் குறையைச் சொல்கிற வழி அது. மகன் ஓவியம் படிக்கிறவன் என்றால் அந்த மாதிரி ஒரு பதிலை வரைந்து காட்டட்டும்.

கேள்வி: சாமியையும் விளம்பரத்தையும் சேர்த்து வரைவது அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் ஆரம்பித்து வைத்தது என்று படித்தேன். நம் ஆட்கள் அதைக் காப்பி அடிக்கிறார்களா?
– கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்

தம்பி, வார்ஹோல் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே கல்கத்தாவில் காளிகாட் கோயில் வாசலில் பட ஓவியர்கள் கார்த்திகேயனை, அதாவது நம் முருகனை, அந்த ஊர் ஷோக்குப் பேர்வழி பாபு மாதிரி வரைந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மயில் மேல் உட்கார்ந்திருப்பார், காலில் பக்கிள் வைத்த ஷூ, தலை அன்றைக்குப் பிரபலமான ஆல்பர்ட் கிராப். கோயிலுக்கு வந்த பக்தர்கள் அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

வார்ஹோலை விட்டுவிட வேண்டாம், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்று இருக்கிறது. சூப் டப்பா வரைந்தவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் பிட்ஸ்பர்க்கில் கிழக்கத்திய சடங்கு முறைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த மாதிரிக் கோயில்களில் பீடத்துக்கு முன்னால் ஒரு முழுச் சுவருக்குப் புனிதர்களின் படங்கள் வரிசை வரிசையாகப் பொன் பின்னணியில் இருக்கும். சின்ன வயதில் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர், 1962-ல் மர்லின் மன்றோ இறந்துபோன வருஷம், அவருடைய முகத்தைச் சின்னதாக ஒரு பெரிய பொன் பரப்பின் நடுவில் வைத்தார். சினிமா நடிகைக்கு மாதா படத்தின் பொன் கிடைத்தது. கடைசி காலத்தில் லியொனார்டோவின் கடைசி இராவுணவுப் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரைந்தார். ஒரு படத்தில் யேசுவுக்கும் சீடர்களுக்கும் மேல் டவ் சோப்பின் புறா, ஜெனரல் எலக்ட்ரிக் சின்னம், 59 சென்ட் என்று ஒரு விலைச் சீட்டு. கிண்டல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் புறா பரிசுத்த ஆவி, எலக்ட்ரிக் சின்னம் ஒளி என்று படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாசிப்புதான் சரி என்று படுகிறது, ஏனென்றால் அந்த மனிதர் சாகிற வரைக்கும் கோயிலுக்குப் போய்வந்தவர். அந்தப் படங்கள் 1987 ஜனவரியில் மிலானில், லியொனார்டோவின் மூலப்படம் இருக்கிற தெருவிலேயே காட்சிக்கு வந்தன. அடுத்த மாதம் 22-ம் தேதி வார்ஹோல் இறந்துபோனார்.

எனக்கு அவரைவிடப் பிடித்த ஒரு படம் இருக்கிறது. யோலாண்டா லோபெஸ் என்கிற ஓவியர், மெக்சிகோ வழிவந்த அமெரிக்கப் பெண், 1978-ல் வரைந்தது. குவாடலூப் மாதா மெக்சிகோக்காரர்களுக்கு நமக்கு மீனாட்சி மாதிரி, வீட்டுக்கு வீடு படம் இருக்கும். கை கூப்பி, தலை குனிந்து, சுற்றிலும் ஒளிக்கதிர், கீழே ஒரு தேவதூதன் தாங்கிக்கொண்டிருப்பான். யோலாண்டா அந்த மாதாவின் இடத்தில் தன்னையே வரைந்தார். ஓடுகிறார். முட்டிக்கு மேல் ஏறின பாவாடை, காலில் ஓட்டப்பந்தய ஷூ, ஒரு கையில் பாம்பைக் கழுத்தைப் பிடித்திருக்கிறார், இன்னொரு கையில் நட்சத்திரம் போட்ட நீல முக்காடு பறக்கிறது, ஒளிவட்டத்தை விட்டு வெளியே நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறார், முகம் முழுக்கச் சிரிப்பு. மாதாவின் ஒரு அடையாளத்தையும் விடவில்லை, எல்லாவற்றுக்கும் புது வேலை கொடுத்துவிட்டார். நூற்றாண்டுகளாக அசையாமல் நின்ற பெண் நடமாடினால் எப்படி இருக்கும் என்று அந்தச் சமூகத்துப் பெண்ணே கேட்டாள், அதுதான் அதன் பலம்.

இந்தியாவில் பரோடாவில் பூபேன் கக்கர் 1960-களிலேயே பஜாரில் விற்கிற சாமி படங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்தார். பம்பாயில் அதுல் தோடியா கடை ஷட்டரில் மகாலட்சுமியை வரைந்தார், ஷட்டரைத் தூக்கினால் உள்ளே வேறு படம். காப்பி அடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நம் தெருவில் ஷட்டரும் இருக்கிறது, லட்சுமியும் இருக்கிறாள்.

கேள்வி: எங்கள் குலசாமி கருப்பு. குதிரைக்குப் பதில் புல்லட்டில், கூலிங்கிளாஸ் போட்டு, கையில் அரிவாளோடு வருவதாக வரைந்திருக்கிறேன். வீட்டில் 'கேஸ் போடுவார்கள், சாமி குத்தமும் ஆகும்' என்று பயப்படுகிறார்கள். கண்காட்சியில் வைக்கலாமா?
– ஓவிய மாணவர், உசிலம்பட்டி

முதலில் சாமி குத்தத்தைப் பேசுவோம், அதுதான் முக்கியம். நம் பக்கத்து ஊர்க் கோயில்களில் அய்யனாருக்குக் காவலாகச் சுதையில் நிற்கிற ஆட்களைப் பார்த்திருப்பாய். வெள்ளைக்காரச் சிப்பாய் உண்டு, துப்பாக்கி உண்டு, காக்கிச் சட்டைப் போலீஸ் உண்டு. அந்தந்தக் காலத்தில் ஊரே எதைக் கண்டு பயந்ததோ, எதை அதிகாரம் என்று நினைத்ததோ அதை வேளார்களும் கொத்தர்களும் சாமிக்குக் காவலுக்கு நிறுத்திவிட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் கருப்பு வேஷம் கட்டி, தோப்பறை என்கிற தோல் பையில் தண்ணி பீய்ச்சுகிறவர்களில் கூலிங்கிளாஸோடு நின்றவரையும் நான் பார்த்திருக்கிறேன், யாரும் குற்றம் சொல்லவில்லை. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு உருவமே கிடையாது. சந்தனம் பூசிய கதவுதான் சாமி, அதைப் பார்த்துத்தான் இத்தனை ஊர் ஜனமும் சத்தியம் செய்கிறது. உருவம் இல்லாமலே அப்படி நிற்கிறவனுக்கு புல்லட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். புல்லட் எதற்கு? குதிரை இருந்த இடத்தில் புல்லட் என்பதை எல்லோரும் உடனே நினைத்துவிடுவார்கள், போஸ்டர்களில் தினமும் பார்க்கிற விஷயம். கருப்பு ராத்திரியில் எல்லையைச் சுற்றி வருகிறவன். இன்றைக்கு உங்கள் ஊர் எல்லை எங்கே இருக்கிறது? நாலுவழிச் சாலையா, கல்குவாரியா, பிளாட் போட்ட கல்லா? அதை அந்தப் படத்தில் கொண்டுவா. வண்டியின் விளக்கு எதன் மேல் விழுகிறது என்று யோசி. அப்போது அது உன் ஊர்க் கருப்பு ஆகும். இப்போது நீ சொல்கிறபடி இருந்தால் எந்த ஊர் வாலிபர் சங்கத்து பனியனிலும் அச்சடிக்கலாம்.

இனி சட்டம். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றி முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 295-ஏ என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவு. மூன்று வருஷம் வரை சிறை போகலாம். ஆனால் அந்தப் பிரிவிலேயே முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது: வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டும். 2013-ல் ஒரு ஆங்கில வணிக இதழ் கிரிக்கெட் வீரர் தோனியை விஷ்ணு மாதிரி அட்டையில் போட்டது, பல கைகள், ஒவ்வொரு கையிலும் அவர் விளம்பரம் செய்த பொருள், அதில் ஒன்று ஷூ. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கெட்ட எண்ணம் இல்லாமல் தெரியாத்தனமாகவோ அலட்சியமாகவோ நடந்தது இந்தப் பிரிவில் வராது என்று சொல்லி 2017 ஏப்ரலில் வழக்கை ரத்து செய்தார்கள்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்து மேலே வந்த பெரிய ஓவியர். அவருடைய பாரத மாதா படத்துக்காகப் போட்ட வழக்குகளை 2008-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குள் அவர் நாட்டை விட்டுப் போய்விட்டார், திரும்ப வரவில்லை, 2011-ல் லண்டனில் இறந்தார். கோர்ட்டில் ஜெயிப்பது வேறு, ஊரில் நிம்மதியாக இருப்பது வேறு. அதனால் நான் உனக்குச் சொல்வது, கண்காட்சிக்கு முன்னால் படத்தை எடுத்துக்கொண்டு போய் உங்கள் கோயில் பூசாரியிடமும் பங்காளிகளிடமும் காட்டு. அனுமதி கேட்கச் சொல்லவில்லை, அவர்களும் பார்க்கட்டும் என்கிறேன். கருப்பைப் பற்றி உனக்குத் தெரியாத பத்து விஷயம் அன்றைக்குச் சொல்வார்கள், அதில் ஒன்றாவது படத்துக்குள் வரும்.

கேள்வி: நடிகரை முருகனாகவும் தலைவரை அர்ஜுனனாகவும் போட்டு ஃபிளக்ஸ் வைக்கிறார்களே, அதுவும் நீங்கள் சொல்கிற கலவை ஓவியம்தானா?
– ஆசிரியர், மேலூர்

இல்லை. பதிலை இத்தோடு முடித்துவிடலாம், ஆனாலும் காரணம் சொல்கிறேன்.

மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துக்குள் போனால் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்குத் தூணில் நிற்பதைப் பார்க்கலாம். கட்டினவர் திருமலை நாயக்கர், நினைத்திருந்தால் தன்னைச் சொக்கநாதராகவே செதுக்கச் சொல்லியிருக்கலாம், தடுக்க ஆள் கிடையாது. கை கூப்பி நிற்கிறார். ஊஞ்சல் மண்டபத்துக் கூரை ஓவியத்திலும் மீனாட்சி கல்யாணம் நடக்கும்போது ராணி மங்கம்மாள் பேரன் விஜயரங்கனோடு ஓரமாக நின்று பார்க்கிறாள். அன்றைக்கு ஊரே பேசின மனிதர்கள் அவர்கள், அவர்களைச் சாமி படத்துக்குள் சேர்த்த ஓவியனுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. ஃபிளக்ஸில் நடப்பது சாமியின் உடம்பை வைத்துக்கொண்டு தலையை எடுத்துவிடுவது. யாரைப் புகழ வேண்டுமோ அவர் தலை அங்கே போகும். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, அளவு மட்டும்தான் இருக்கிறது.

கையால் பேனர் வரைந்த காலத்தில் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, தட்டியில் நூல் பிடித்துப் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக முகத்தை ஏற்றுவார்கள். கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே ஊதாவும் பச்சையும், மூக்கு நுனியில் ஒரு வெள்ளைத் தீற்று. பக்கத்தில் போனால் வண்ணத் திட்டுத்தான் தெரியும், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போனால் முகம் சிரிக்கும். பகலில் நடிகரை வரைந்த அதே கை ராத்திரி கோயில் திருவிழாவுக்கு அம்மனை வரையும், அம்மன் கன்னத்திலும் அந்த ரோஸும் ஊதாவும் வந்து சேரும். இன்றைக்குப் பெரிய ஊர் ஓவியக் கூடங்களில் சாமியையும் சினிமாவையும் கலந்ததாகப் பேசப்படுகிற ஓவியங்களில் எத்தனையோ இந்தக் கைகளிடம் கற்றுக்கொண்டவை. டிஜிட்டல் பேனர் வந்ததும் அவர்களில் பலபேர் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போய்விட்டார்கள். அவர்கள் வரைந்த தட்டிகளில் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கிற அரசு அருங்காட்சியகம் ஒன்றை மதுரையில் நான் பார்த்ததில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, கோபமும் உண்டு.

கேள்வி: இதையெல்லாம் பார்க்கச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?
– வாசகி, திருமங்கலம்

தேவையில்லை. பழைய ஓவியத்துக்கு மீனாட்சி கோயிலும், அழகர்கோயில் வசந்த மண்டபத்து ராமாயணமும் போதும், கழுத்து வலிக்க மேலே பார்க்க வேண்டும். அச்சுப் படங்களுக்குக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள், ஜிகினா ஒட்டின ரவிவர்மா படம் அங்கே இன்னும் கண்ணில் படும். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால், கொலு பொம்மை செய்கிற விளாச்சேரிக்குப் போய்வாருங்கள். தசாவதாரம் காய்ந்துகொண்டிருக்கிற பலகையிலேயே கிரிக்கெட் செட்டும் கல்யாண செட்டும் இருக்கும், கார்த்திகை முடிந்தால் அதே வீடுகளில் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். ஒரே களிமண், ஒரே கை.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. முருகனை மயிலுக்குப் பதிலாக ஸ்கூட்டியில் உட்கார வைத்து, பின்சீட்டில் ஒரு கார்ட்டூன் பூனையையும் வரைந்திருக்கிறாள். திட்டலாமா?
– வாசகி, ஆனையூர்

திட்டவே கூடாது. முருகனுடைய வேல் எங்கே என்று கேளுங்கள், மயில் எங்கே போயிற்று என்று கேளுங்கள். கட்டாயம் பதில் வைத்திருப்பாள். பெரிய சார்ட் பேப்பர் வாங்கிக்கொடுங்கள், நோட்டு ஓரத்தில் இடம் போதாது.

கேள்வி: பழைய சிவகாசி முருகன் படத்தை எடுத்து, முகத்துக்கு மட்டும் ஒரு சூப்பர்ஹிட் நடிகரின் கண்ணாடியும் சிரிப்பும் வைத்து டி-ஷர்ட் அச்சடிக்கப் போகிறோம். பிரச்னை வருமா?
– இளைஞர்கள், செல்லூர்

இரண்டு இடத்தில் வரும். ஓவியரின் காப்புரிமை அவர் இறந்த வருஷத்துக்கு அப்புறம் 60 வருஷம். ரவிவர்மா 1906-ல் போனவர், அவர் ஓவியத்தை யாரும் எடுக்கலாம். கொண்டையராஜு 1976-ல் போனவர், அவருடைய படங்களுக்கு 2036 முடிகிற வரை உரிமை இருக்கிறது. அந்த உரிமை குடும்பத்திடம் இருக்கிறதா, அச்சகத்திடம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நடிகர் விஷயம், 2014-ல் ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்துக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அனுமதி இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று தடை வாங்கினார். உங்கள் நடிகரும் போகலாம்.

இதற்கு நல்ல வழி, செல்லூரிலேயே பேனர் வரைந்துகொண்டிருந்த பெரியவர் யாராவது இருப்பார், தேடிப் பிடித்து அவரை ஒரு புது முருகன் வரையச் சொல்லுங்கள். கூலி பேசிக் கொடுங்கள், அவர் பெயரையும் படத்தின் மூலையில் அச்சடியுங்கள். அப்புறம், நெஞ்சுப் பக்கம் மட்டும் போடுங்கள், முதுகில் வேண்டாம். பஸ்ஸில் சாய்ந்து உட்காரும்போது வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு கஷ்டப்படும்.